நாலில் ஒன்று

பிளஸ் டூ உயிரியலில் நான் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு. இப்படி ஆரம்பித்தால் தற்பெருமை மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த மதிப்பெண்ணைச் சொல்லாமல் நான் செய்த காரியத்தைச் சொல்ல முடியாது. அவ்வளவு வாங்கக்கூடிய மூளைக்காரி என்று ஊரே என்னைத் தூக்கிவைத்திருந்தது. அதனால்தான் என் அக்கா என்னிடம் கேட்டாள், நான் சொன்னதை நம்பினாள்.

திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் தெருவில் அறிவியல் பிரிவு எடுத்துப் படித்த முதல் பெண் நான்தான். தாத்தா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். அப்பா குத்தகைக்கு உழுது, பிறகு இரண்டு மா நிலம் சொந்தமாக வாங்கியவர். அடுத்தது நான் டாக்டராகத்தான் வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட என்ன மாத்திரை என்று என்னையே கேட்பார்கள். நானும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் பதில் சொல்வேன்.

உண்மையில் எனக்குப் பாடம் தெரியாது. கேள்வி தெரியும். எங்கள் பள்ளியில் அந்த வருடங்களில் யாரும் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்ததில்லை. கடைத்தெருவில் அரிசி மண்டிக்கு மேல்மாடியில் டியூஷன் நடத்திய சார் ஒருவர் இருந்தார். கரும்பலகையில் கடந்த பத்துத் தேர்வுகளில் வந்த கேள்விகளை எழுதி, போன மார்ச்சில் வந்ததையெல்லாம் ஒரே கோடாக அடித்துவிடுவார். வந்தது வராது என்பது அவருடைய வேதவாக்கு. சவ்வூடு பரவல் போன தடவை வந்துவிட்டதா, அப்படியானால் இந்தத் தடவை செய்முறைத் தேர்வுக்கு மட்டும் பார்த்துக்கொள், எழுத்துத் தேர்வுக்கு மரபியலைக் கரைத்துக் குடி என்பார். அவர் அடித்த பக்கங்களை நாங்களும் பேனாவால் சந்தோஷமாக அடிப்போம். பத்துக்கு எட்டு அவர் சொன்னபடியே நடக்கும். நம்பாமல் என்ன செய்வது?

அந்த வருடம் தை பிறந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அவள் எனக்கு எட்டு வயது மூத்தவள். அம்மாவின் அண்ணன் மகனுக்குத்தான் அவளைக் கொடுத்திருந்தது. பிறந்தபோதே பேசிவைத்த சம்பந்தம். மாமன் மகன் இருக்கும்போது மேலே படித்து என்ன ஆகப்போகிறது என்று பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். மாமா குடும்பம் அதிராம்பட்டினம் பக்கம். அத்தான் அங்கிருந்து மீன் ஏற்றிவரும் மினி லாரி ஓட்டினார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார்.

அக்கா வந்ததற்குக் காரணம் அவள் பையன். மூன்று வயது. தலசீமியா என்று அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், ஆயுசு முழுக்க. கடற்கரையிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வருவதைவிட எங்கள் வீட்டிலிருந்து போவது சுலபம். ரத்தம் ஏற்றி வந்த வாரம் பையனைப் பிடிக்க முடியாது, கோழியைத் துரத்துவான், வைக்கோல் போரில் ஏறுவான். மூன்றாவது வாரம் நடந்துகொண்டே இருப்பவன் வாசல் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிடுவான். ஏன் உட்கார்ந்துட்டே என்று கேட்டால் சும்மா என்பான்.

எனக்குப் படிப்பு விடுமுறை விட்டிருந்தார்கள். அக்காவுக்குப் பகலில் வேலை குறைவு. பையனை மடியில் போட்டுக்கொண்டு, கேள்வி பதில் கைடைக் கையில் பிடித்து அவள் கேட்பாள், நான் ஒப்பிப்பேன். ஒரு வார்த்தை தப்பினாலும் விடமாட்டாள். பத்தாவதோடு நின்றவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டே நாளில் எந்தப் பதில் எந்தப் பக்கத்தில் என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

செய்முறைத் தேர்வுக்காக உருளைக்கிழங்கைக் குடைந்து, உள்ளே சர்க்கரைக் கரைசல் ஊற்றி, அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, குண்டூசியால் மட்டத்தைக் குறித்துவைத்தோம். ஒரு மணி நேரத்தில் உள்ளே இருந்த கரைசல் குண்டூசிக்கு மேலே ஏறியிருந்தது. அடர்வு குறைந்த இடத்திலிருந்து அடர்வு மிகுந்த இடத்துக்கு, அரை கடத்தும் சவ்வின் வழியாக என்று நான் கடகடவென்று ஒப்பித்தேன். அக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து அதில் விதைநெல்லைக் கொட்டுவாரே, பதர் மிதந்ததும் நல்ல நெல்லை அவசரமாக அள்ளி நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுவாரே, உப்பிலேயே கிடந்தால் நெல்லால் தண்ணீரைக் குடிக்க முடியாது என்பதால்தானா என்று கேட்டாள். அதெல்லாம் புத்தகத்தில் இல்லை, பரீட்சைக்கு வராது என்று சொல்லி நான் அடுத்த கேள்விக்குப் போனேன். அவள் சொன்னதுதான் முழுச் சவ்வூடு பரவல் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் நுனிப்புல் மேய்ந்துகொண்டிருந்தேன், அவளுக்கு வேர்வரை தெரிந்தது. ஆனால் படித்தவள் என்ற பட்டம் என்னிடம்தான் இருந்தது.

மரபியலுக்கு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தை வைத்துக்கொண்டோம். நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி, நாலு கட்டம். கட்டம் போடுவதில் எனக்குத் தனி ருசி. அம்மாவின் மரபணு எழுத்துகளை மேலே, அப்பாவின் எழுத்துகளைப் பக்கத்தில் எழுதி, நாலு கட்டங்களை நிரப்பினால் விடை தானாக வந்து விழும். கைடில் அடுத்த கணக்கு தலசீமியா. தாய், தகப்பன் இருவரும் நோயில்லாமல் நோயின் கூறை மட்டும் சுமப்பவர்கள் என்றால் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்? அக்கா அந்தக் கேள்வியை வாசிக்கும்போது நோயின் பெயரில் ஒரு நிமிடம் நின்றாள். அது அவளுக்கு ஆஸ்பத்திரி நோட்டின் அட்டையில் பார்த்த வார்த்தை. நான் கட்டம் போட்டேன். ஒன்று முழுக்க நலம், இரண்டு சுமப்பவர்கள் ஆனால் நோயில்லை, ஒன்று நோய். ஒடுங்கிய பண்பு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த அந்தக் கடைசிக் கட்டத்தில் அக்கா விரலை வைத்தாள். மடியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரியவந்தது. அக்கா மறுபடி முழுகாமல் இருந்தாள், ஒன்பது வாரம். ரத்தம் ஏற்றும் வார்டில் இருந்த டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு வாரத்துக்குள் சென்னைக்குப் போய்ப் பரிசோதனை செய்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நோய் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். உண்டு என்றால் என்ன செய்வது என்பதை அப்புறம் நீங்கள் முடிவு செய்யலாம்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. வயிற்றில் ஊசி போட்டால் பிள்ளை கலைந்துவிடும் என்று அத்தை போனில் அழுதார். எத்தனையோ பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஏதோ ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று அம்மா சொன்னாள். சொந்தத்தில் கொடுத்ததால் வந்தது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அம்மாவுக்கு எப்போதும் இருந்தது. சொன்னால் அது அவளையும் அவள் அண்ணனையும் சொன்ன மாதிரி. அத்தான் மட்டும், உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்வோம் என்று அக்காவிடம் விட்டுவிட்டார். அக்கா கடிதத்தைப் பையன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மத்தியானம், நான் மாதிரி வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன்.

“நாலுல ஒண்ணுக்குத்தானே வரும்?” என்றாள்.

“ஆமா.”

“எனக்கு ஒண்ணுக்கு வந்தாச்சு.”

“ஆமா.”

“அப்ப மீதி?”

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தேன் என்றாவது இப்போது சொல்லிக்கொள்ள ஆசை. முந்தாநாள் போட்ட கட்டத்தை எடுத்து, அந்தக் கடைசிக் கட்டத்தைப் பேனாவால் ஒரே கோடாக அடித்தேன். டியூஷன் சார் கரும்பலகையில் அடிப்பதைப் போலவே.

“ஒண்ணு ஆயிடுச்சுல்ல? மீதி மூணும் நல்லா இருக்கும்க்கா” என்றேன்.

அவள் முகத்தில் ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். தாளை வாங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா போனில் அத்தைக்குச் சொன்னாள், புத்தகத்திலேயே போட்டிருக்காம் என்று. அன்று சாயந்திரம் வீட்டில் பாயசம். வருகிற கேள்வியைச் சரியாக ஊகித்த மாணவியின் திருப்தியோடு நானும் ஒரு டம்ளர் குடித்தேன். சென்னைக்கு யாரும் போகவில்லை.

மார்ச்சில் தேர்வு வந்தது. மரபியல் பத்து மதிப்பெண்ணுக்கு வந்தது. கட்டம் போட்டேன், முழு மதிப்பெண்.

புரட்டாசியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம், ஊரைக் கூட்டும் அழுகை. அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார், ஏதோ நான்தான் பெற்றுக் கொடுத்த மாதிரி. அதற்குள் நான் தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. லேப் டெக்னாலஜி கிடைத்தது, அதுவும் ஆஸ்பத்திரி வேலைதானே என்று அப்பா தன்னைத் தேற்றிக்கொண்டார்.

குழந்தைக்கு ஏழாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள், சட்டென்று கையைக் கழுவிவிட்டு வந்து, குழந்தையின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். பையனுக்கு வாரம் ஒருமுறை அப்படிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. இன்னொரு கண்ணையும் பார்த்தாள், குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஆஸ்பத்திரிப் பையை எடுத்துவர உள்ளே போனாள். ரத்தப் பரிசோதனை முடிவு நாலு நாள் கழித்து வந்தது. அவளுக்கு அது அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

பட்ட காலிலே படும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பழமொழிமேல் அப்படிக் கோபம் வந்தது. ஆனால் நூற்றுத் தொண்ணூற்றேழு வாங்கிய என்னைவிட அந்தப் பழமொழிக்கு மரபியல் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது. வந்தது வராது என்று அது சொல்லவில்லையே.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் எங்கள் விஷயத்தில் ஏதோ விதிவிலக்காக நடந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய்யும் இரண்டாம் வருடத்தில் போய்விட்டது.

கல்லூரி ஆய்வகத்தில் அன்று ஒரு எளிய பரிசோதனை. உப்பு மிகக் குறைவாகக் கரைத்த நீரில் அவரவர் ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் வைத்திருந்து, சோதனைக் குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சவ்வூடு பரவலால் தண்ணீர் ரத்த அணுக்களுக்குள் புகும், அணுக்கள் உப்பி வெடிக்கும், கரைசல் தெளியும், கோடு தெரியும். தலசீமியாவின் கூறைச் சுமப்பவர்களின் அணுக்கள் அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. கரைசல் கலங்கியே நிற்கும், கோடு தெரியாது. எல்லோருக்கும் கோடு தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

மேடம் என் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என்றேன். உனக்கு ஒன்றும் ஆகாது, கல்யாணம் செய்யும்போது பையனுக்கும் பார்த்துக்கொள் என்றார். அப்போது பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், மேடம், நாலில் ஒன்று என்றால் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டபின் அடுத்த பிள்ளைக்கு எப்படி வந்தது என்று. மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்.

“வயித்துல இருக்கற பிள்ளைக்கு, மூத்த பிள்ளைக்கு என்ன வந்துச்சுன்னு தெரியுமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல்லேருந்து நாலுல ஒண்ணு.”

வகுப்பு குறிப்பெடுத்துக்கொண்டது. ஒரு வரி. ஒரே ஒரு வரி. புத்தகத்திலும் இருந்திருக்கும், மதிப்பெண்ணுக்கு வராத இடமாகப் பார்த்து நான் தாண்டிப் போயிருப்பேன். கழிவறையில் போய் அழுதேன்.

உடனே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு என்ன பிரயோஜனம் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்துவைத்துக்கொண்டேன். படிப்பு முடிந்து கும்பகோணத்தில் ஒரு தனியார் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது நான், மாத்திரை வாங்குவது நான், லீவு போட்டு வார்டில் உட்காருவது நான். தங்கச்சின்னா இப்படி இருக்கணும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். குற்றம் செய்தவளுக்குக் கால் நிற்காது என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்.

பையன் ஒன்பது வயதில் போய்விட்டான். ஏற்றிய ரத்தத்திலிருந்து இரும்புச் சத்து சேர்ந்து சேர்ந்து இதயம் பழுதாகியிருந்தது. கடைசி மாதங்களில் பேசவே மூச்சு வாங்கியது. அவனைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. அந்த வருடம் அப்பா நாற்றுவிடவில்லை, வயலைத் தரிசாகப் போட்டுவிட்டார்.

அடுத்த வருடம் அவன் தங்கைக்காரிக்கு ஏழு வயது. மூன்று வாரக் கணக்குப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வார்டில் அவளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அண்ணனைப் போல இல்லை, வாயாடி. பக்கத்துப் படுக்கைக்காரர்களின் கதை முழுக்க அவளுக்குத் தெரியும். அன்று அவள் படம் போட்ட புத்தகத்தை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நாங்கள் இருவரும் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தனக்கு நாள் தள்ளிப்போய் ஏழு வாரம் ஆகிறது என்றாள். சொல்லும்போது அவள் கண்ணில் பல வருடங்களாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

“ரெண்டு ஆயிடுச்சு. இனிமே வர்றது நல்லா இருக்கும்ல?” என்றாள்.

அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாமலே தெரிந்த மாதிரிச் சொன்னேன், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிலிருந்து நாலில் ஒன்று, கல்லூரியில் இரண்டாம் வருடமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஐந்து வருடமாக மறைத்துவிட்டேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

அக்கா ரத்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பாதி காலியாகியிருந்தது.

“அது எனக்குத் தெரியும்டி. அந்த டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க, ஒவ்வொரு தடவையும்னு. அவங்க சொன்னது பயமா இருந்துச்சு, நீ சொன்னது நல்லா இருந்துச்சு. நல்லா இருந்ததை எடுத்துக்கிட்டேன்.”

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“இப்பவும் ஏதாவது நல்லதாச் சொல்லேன்” என்றாள்.

என் வாழ்க்கையில் நான் பதில் சொல்ல மறுத்த கேள்வி அது ஒன்றுதான். சென்னைக்குப் போவோம்க்கா என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். புத்தகத்துக்குக் கீழே தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்தவள், பாப்பா வரப்போவுதாம்மா என்று கேட்டாள். அக்கா அவள் தலையைத் தடவி, வந்தால் வரும் என்றாள்.

இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. அம்மாவுக்குத் தடுக்கிற தைரியம் போயிருந்தது. அத்தான் லாரியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு எங்களோடு வந்தார். பதினோராம் வாரம் பரிசோதனை, பத்து நாளில் முடிவு. முடிவைச் சொன்ன பெண் டாக்டர் நல்லவர், அத்தானை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். பிள்ளைக்கு நோய் இருந்தது. அக்கா அத்தானைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். பையன் கடைசி மாதங்களில் பட்டதை இருவரும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். மறுநாள் அந்தப் பிள்ளை வேண்டாமென்று அவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பகல் ரயிலில் ஊருக்குத் திரும்பினோம். சீர்காழி தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள். அத்தான் கதவோரம் போய் நின்றுகொண்டார். அக்கா சன்னலில் தலைசாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“அன்னைக்கு நீ சரியாச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். போயிருந்தா என் பொண்ணு இல்ல” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “உன்னைத் திட்டவா, கும்பிடவா, நீயே சொல்லு.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. கும்பகோணத்தில் நான் இறங்காமல் அவர்களோடு தஞ்சாவூர்வரை போனேன், அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்கு.

வாசலில் அக்காவின் பெண் நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் ஏற்ற வேண்டிய வாரம், முகம் வெளுத்திருந்தது, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் ஓடிவரவில்லை, அந்த வாரங்களில் அவளால் ஓட முடியாது. அக்கா அருகில் போய்க் குனிந்ததும், பாட்டிக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“பாப்பாவுக்கும் என்னை மாதிரி ரத்தம் ஏத்தணுமாம்மா?”

“இல்ல கண்ணு” என்றாள் அக்கா. “அதுக்கு வேணாம்.”

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நல்லவேளை என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.